குற்றமும் முகமும்: சில ஆங்கிலச் சொற்களின் வரலாறு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது தமிழ் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. வகுப்பறையில் ஒரு பொருள் காணாமற்போனால், ஆசிரியர் மாணவர்தம் பைகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்னரே அவர்தம் முகங்களைப் பார்த்துவிடுகிறார். எவன் விழிக்கிறான், எவன் தலை குனிகிறான், எவன் உதட்டை நாவால் நனைக்கிறான் என்று அவர் கண்கள் வரிசை வரிசையாகத் தேடிச் செல்கின்றன. இத்தகைய முகங்களைக் குறிக்க நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. திருதிருவென விழித்தான், பேந்தப் பேந்த விழித்தான், கூனிக் குறுகினான், அசடு வழிய நின்றான், ஆடு திருடிய கள்ளன்போல் விழித்தான் என்றெல்லாம் வழங்குகிறோம். இவற்றுள் ஒன்றைக் கேட்ட அளவிலேயே ஒரு முகம் கண்முன் வந்து நிற்கிறது. அம்முகத்திற்கு உரியவன் மெய்யாகவே குற்றம் புரிந்தவனா என்பது வேறு கேள்வி.

ஆங்கில மொழியும் இத்துறையில் வளமுடையதே. கதைநூல்களைப் படிக்கும் நம் மாணாக்கர் 'ஷீப்பிஷ்', 'ஹேங்டாக்', 'கிரெஸ்ட்ஃபாலன்', 'ஷேம்ஃபேஸ்ட்' முதலிய சொற்களை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். வெட்கமுற்ற, குற்றவுணர்வுள்ள, தலைகுனிந்த என்று பொதுப்படப் பொருள் எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கின்றனர். தேர்வுக்கு அது போதும். ஆயினும் இச்சொற்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எவர் வாயில் எப்பொருளில் வழங்கியது என்று பின்னோக்கிச் சென்றால் வியப்பான உண்மை ஒன்று புலனாகிறது. பார்க்கப்பட்டவனின் உள்ளத்தைவிடப் பார்த்தவனின் எண்ணத்தையே இவை மிகுதியாகப் பதிவு செய்துள்ளன.

நாணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் பழமையானது 'ஷேம்' என்பது. பழைய ஆங்கிலத்தில் இது 'ஸ்கமு' என வழங்கிற்று. செருமன், டச்சு முதலிய உறவு மொழிகளிலும் இதன் உடன்பிறப்புகள் உள. 'மூடுதல்' என்னும் பொருளுடைய மிகத் தொன்மையான வேர் ஒன்றிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பியலார் பலரின் கருத்து. முற்றும் நிறுவப்படாத கருத்தாயினும் பொருத்தமற்றது என்று தள்ளுவதற்கில்லை. வெட்கமுற்றவன் முதலில் தேடுவது முகத்தை மறைக்க ஓர் இடத்தைத்தானே!

இச்சொல்லுடன் 'ஃபாஸ்ட்' என்பதைச் சேர்த்துப் பண்டை ஆங்கிலேயர் 'ஷேம்ஃபாஸ்ட்' என்றொரு சொல்லை ஆக்கினர். ஈண்டு 'ஃபாஸ்ட்' என்பதற்கு விரைவு என்று பொருள் கொள்ளலாகாது. அசையாது நிலைபெற்ற, இறுகக் கட்டுண்ட என்பதே அதன் பழம்பொருள். 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்னும் சொல்லில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. ஆகவே 'ஷேம்ஃபாஸ்ட்' எனப்பட்டவர் நாணத்தில் நிலைபெற்றவர். நாணமே வேலியாக அமையத் தகாதன செய்யாது நிற்பவர். திருக்குறளில் நாணுடைமை என ஓர் அதிகாரம் உண்டென்பதை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும். பழி வந்தபின் முகத்தில் தோன்றும் மாற்றத்தை அது குறிக்கவில்லை. பழி வாராமல் முன்னரே காக்கும் பண்பையே குறித்தது.

16ஆம் நூற்றாண்டில் மக்களின் செவி ஒரு பிழை செய்தது. 'ஃபாஸ்ட்' என்பதன் பழம்பொருள் மங்கத் தொடங்கியது. நாணம் தெரிவது முகத்தில் அன்றோ, முகத்தைக் குறிக்கும் 'ஃபேஸ்' என்னும் சொல்லே இதில் இருக்க வேண்டும் என்று மக்கள் எண்ணினர் போலும். 'ஷேம்ஃபாஸ்ட்' மெல்ல மெல்ல 'ஷேம்ஃபேஸ்ட்' ஆயிற்று. 1611ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில், தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் மடலில், பழைய வடிவமே அச்சாகியிருந்தது. பின்வந்த பதிப்புகளில் அவ்விடத்திலும் முகம் புகுந்துவிட்டது.

இத்திரிபைக் கண்டு மனம் வருந்தியவர் ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச் என்னும் அறிஞர். பின்னாளில் டப்ளின் நகரப் பேராயராக விளங்கியவர். 1857இல் இலண்டன் மொழியியல் கழகத்தில் இவர் ஆற்றிய சொற்பொழிவுகளே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி உருவாகத் தூண்டுகோலாயின. நாணத்தால் உறுதிபெற்ற நிலையைக் காட்டிய சொல், முகத்தைக் காட்டும் சொல்லாக மாறியதும், அதன் ஆற்றலெல்லாம் மேற்பரப்பிற்கு ஓடிவிட்டது என்பது அவர் முறையீடு. அஃது ஓர் எழுத்துப் பிழையைப் பற்றிய வருத்தம் மட்டும் அன்று. அகத்துக்குரிய பண்பொன்று புறத்தோற்றமாகச் சுருங்கியதைத்தான் அவர் சுட்டினார்.

குற்றத்தைக் குறிக்கும் 'கில்ட்' என்னும் சொல்லின் பயணமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் 'கில்ட்' என்றால் செய்த செயல். குற்றம், பாவம், அதற்குரிய பொறுப்பு. உள்ளத்தில் உறுத்தும் உணர்ச்சிக்கு அது பெயராகவில்லை. உணர்ச்சியைக் குறிக்கும் வழக்கு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைகாட்டுகிறது. செருமானியரோ குற்றத்தையும் கடனையும் 'ஷுல்ட்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். அதனைக் கண்டு ஆங்கிலச் சொல்லும் கடன் செலுத்துதலோடு உறவுடையதாகலாம் எனச் சிலர் கருதினர். ஒலி விதிகள் இடந்தரவில்லை என்று பிற்கால அறிஞர் அதனை மறுத்தனர். அதன் பிறப்பு இன்றும் விளங்காததாகவே உள்ளது.

'கல்ப்ரிட்' என்னும் சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. சற்று அச்சம் தருவதும் கூட. இன்று குற்றவாளி என்னும் பொருளில் வழங்கும் இச்சொல், அகராதியாளர் தரும் விளக்கத்தின்படி, நீதிமன்ற எழுத்தர் ஒருவரின் சுருக்கக் குறிப்பிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் நெடுங்காலம் ஒருவகைப் பிரெஞ்சு மொழியே ஏடுகளில் ஆட்சி செய்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தாம் குற்றவாளியல்லர் என்று கூறியதும், அரசின் சார்பில் எழுத்தர் 'இவர் குற்றவாளியே; மெய்ப்பிக்க ஆயத்தமாயுள்ளோம்' என்னும் பொருள்பட விடையிறுப்பார். அவ்விடையின் முதற்சொல் 'கல்பபிள்'. அடுத்தது ஆயத்தம் என்னும் பொருளுடைய 'பிரெஸ்ட்'. ஏட்டில் இரண்டையும் சுருக்கிக் 'கல்', 'பிரிட்' என்று குறித்தனர். பிரெஞ்சு மறந்துபோன காலத்தில், இஃது எதிரே நிற்பவரை விளிக்கும் சொல் என்று எழுத்தர்களே எண்ணிவிட்டனர். 1678இல் பெம்புரோக் கோமகன் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு நின்ற வழக்கில் அவர் இச்சொல்லாலேயே விளிக்கப்பட்டார். முதலில் குற்றஞ்சாட்டப்பட்டவர் என்று பொருள்பட்ட சொல், அடுத்த நூறாண்டிற்குள் குற்றம் புரிந்தவர் என்று பொருள்படலாயிற்று. விசாரணை எதுவுமின்றி ஒரு சொல்லே தீர்ப்பளித்துவிட்டது எனலாம்.

சான்று கையில் இருக்கும்போது முகத்தை ஆராய வேண்டுவதில்லை. ஸ்காட்லாந்து நாட்டுச் சட்ட வழக்கில் குருதி படிந்த கையோடு பிடிபட்டவனைச் 'சிவந்த கையன்' என 15ஆம் நூற்றாண்டிலேயே குறித்தனர். இன்றைய ஆங்கிலத்தில் 'ரெட்ஹேண்டட்' என்பது அதன் வழிவந்தது. நாம் கையும் களவுமாக என்கிறோம். இரு மொழிகளிலும் கைதான் சான்று. கையில் ஒன்றும் இல்லாதபோதே கண் முகத்திற்கு ஏறுகிறது. அவ்வாறு ஏறியபோது ஆங்கிலேயருக்கு உவமைகள் தேவைப்பட்டன. அவற்றை அவர்கள் தம் தொழுவத்திலிருந்தும் முற்றத்திலிருந்தும் எடுத்துக்கொண்டனர்.

செம்மறியாட்டின் பெயரடியாகப் பிறந்தது 'ஷீப்பிஷ்'. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் ஆட்டைப் போன்ற என்னும் நேர்ப்பொருளிலேயே இது வழங்கியது. கூச்சமும் அசட்டுத்தனமும் கலந்த தோற்றத்தைக் குறிக்கும் பொருள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெறுகிறது. அக்காலத்தில் இச்சொல்லை ஆண்டவருள் தத்துவ அறிஞர் ஜான் லாக் ஒருவர். தம் நண்பர் எட்வர்ட் கிளார்க்கின் மகனை வளர்க்கும் முறை பற்றி அவர் எழுதிய மடல்கள் 1693இல் கல்வி குறித்த சிந்தனைகளாக நூலுருப் பெற்றன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டிலேயே ஆசிரியரை அமர்த்திக் கற்பிப்பதா என்னும் வினா அந்நூலில் எழுகிறது. வீட்டில் வளரும் பிள்ளை ஆட்டைப்போல் கூச்சமுடையவனாகிவிடுவான் என்பது அந்நாளையப் பெற்றோரின் அச்சம். அவ்வியல்பு வீட்டு வளர்ப்பின் தவிர்க்க முடியாத விளைவும் அன்று, மாற்ற முடியாத நோயும் அன்று என்று லாக் விடையளித்தார்.

அந்நூலிலேயே நாணத்தைப் பற்றி அவர் கூறும் மற்றொரு கருத்து ஆசிரியர்க்கு மிகவும் பயன்படுவது. பிரம்படியைவிடத் தவறு செய்தோமே என்னும் நாணமே பிள்ளைகளை நெறிப்படுத்தும் என்று அவர் நம்பினார். ஆதலின் பிள்ளைகளைப் பாராட்டுவதானால் பலர் முன்னிலையில் பாராட்டுக, கண்டிப்பதானால் தனியே அழைத்துக் கண்டிக்க என்றார். பலரறியத் தலைகுனிந்த பிள்ளைக்குக் காப்பாற்றிக்கொள்ள நற்பெயர் என ஒன்று எஞ்சுவதில்லை. அதன்பின் அவனைத் தடுத்து நிறுத்துவதும் ஒன்றில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கருத்து, எல்லார் முன்னிலையிலும் மாணவனைப் பெஞ்சின்மீது ஏற்றி நிறுத்திய காலத்திற்குப் பின்னரே பல பள்ளிகளை வந்தடைந்தது.

'கிரெஸ்ட்ஃபாலன்' என்பது கொண்டை தாழ்ந்த என்று பொருள்படும். சண்டையில் தோற்ற சேவலின் தோற்றமே இதற்கு அடிப்படை என்பர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய இச்சொல்லை ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் ஆண்டுள்ளார். இது குற்றத்தைவிடத் தோல்வியையே மிகுதியும் சுட்டுவது. போட்டியில் தோற்றுத் திரும்பும் மாணவனுக்கு இது பொருந்தும். பேனாவைத் திருடியவனுக்குப் பொருந்தாது. கதை எழுதப் பழகும் மாணாக்கர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று.

நாய்க்கு வருவோம். 'ஹேங்டாக்' என்பது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. தூக்கிலிடுதலும் நாயும் இணைந்த சொல். நாயைப்போல் தூக்கிலிடத் தக்கவன் என்றோ, நாயைத் தூக்கிலிடும் இழிதொழிலுக்கன்றி வேறெதற்கும் உதவாதவன் என்றோ இதற்கு விளக்கம் தருவர். இன்று நாம் படிக்கும் கதைகளில் தொங்கிய முகமும் தாழ்ந்த கண்களுமாய் நிற்பவனை இச்சொல் குறிக்கிறது. அதன் பின்னே ஒரு கயிறு தொங்குவதைப் படிப்பவர் பலர் அறியார்.

நாய்களைத் தூக்கிலிடுவது அந்நாளில் வெறும் உவமை அன்று. ஷேக்ஸ்பியரின் 'வெரோனா நகரத்து இரு கனவான்கள்' என்னும் நாடகத்தில் லான்ஸ் என்னும் வேலைக்காரனும் கிராப் என்னும் அவன் நாயும் வருகின்றனர். கோமகனின் விருந்து மேசைக்கடியில் நாய் அசுத்தம் செய்துவிடுகிறது. அதைத் தூக்கிலிடுமாறு கோமகன் ஆணையிடுகிறார். லான்ஸ் முன்வந்து, அச்செயலைச் செய்தவன் தானே என்று கூறிச் சாட்டையடியை ஏற்றுக்கொள்கிறான். முன்னர் அந்நாய் பிறர் உணவைத் திருடியதற்காகவும் அவன் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு அமர்ந்தவன். நகைச்சுவைக் காட்சிதான், அரங்கம் சிரித்திருக்கும். எனினும் நாயைத் தூக்கிலிடுக என்னும் ஆணை அவ்வரங்கில் எவருக்கும் புதுமையாகத் தோன்றியிராது. நாய்க்குக் கெட்ட பெயர் சூட்டிவிட்டால் அதனைத் தூக்கிலிட்டதற்கு ஒப்பு என்னும் கருத்துடைய பழமொழியும் ஆங்கிலத்தில் உண்டு. பெயர் முதலில் வருகிறது. கயிறு பின்னால் வருகிறது.

இத்தகைய சொற்களைத் தமிழாக்குவோர் விலங்கைக் கண்டு மயங்கலாகாது. 'ஷீப்பிஷ்' என்பதை ஆடு போன்ற என்று எழுதினால் தமிழ் மாணவனுக்கு ஒன்றும் விளங்காது. தமிழ் வழக்கில் விழிப்பவன் ஆட்டைத் திருடிய கள்ளன். ஆங்கில வழக்கில் அசடு வழிய நிற்பதோ ஆடுதான்! சிறு தவறு வெளிப்பட்டுச் சிரிப்பும் கூச்சமுமாய் நிற்கும் முகத்திற்கு 'அசடு வழிய' என்பதே நிகரான தொடர். 'ஹேங்டாக்' என்பதற்குக் 'கூனிக் குறுகி' என்பது ஓரளவு பொருந்தும். வழியை மறித்தல் என்னும் பொருளோடு பிரெஞ்சிலிருந்து வந்த 'எம்பரஸ்', கொல்லுதல் என்னும் பொருளோடு இலத்தீனிலிருந்து வந்த 'மார்ட்டிஃபை' ஆகியனவும் காலப்போக்கில் கூச்சத்திற்கும் அவமானத்திற்கும் பெயராயின. நாணிச் செத்தான் என்னும் நம் வழக்கோடு பின்னதை ஒப்பிடலாம்.

இனி, இத்துறைச் சொற்களுள் தலையாயதும் மிகப் பெரிய வழக்கிற்கு இடமானதுமாகிய 'பிளஷ்' என்பதைக் காண்போம். நாணத்தால் முகம் சிவத்தல் என்பது இதன் பொருள். பழைய ஆங்கிலத்தில் செந்நிறமாக ஒளிர்தலைக் குறித்த சொல். தீப்பந்தத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. மற்றச் சொற்கள் விலங்குகளை நாடின. இச்சொல் நெருப்பை நாடியது. விளக்கேற்றினாற்போல் முகம் உள்ளத்தை வெளிப்படுத்திவிடும் என்னும் நம்பிக்கை இதனுள் உறைகிறது.

அந்நம்பிக்கையை மேடையேற்றிச் சோதித்தவரும் ஷேக்ஸ்பியரே. 1600இல் அச்சேறிய 'ஒன்றுமில்லாததற்கு ஆரவாரம்' என்னும் பொருளுடைய தலைப்புக் கொண்ட நாடகத்தில், ஹீரோ என்னும் மணமகள் திருக்கோயிலில் மணக்கோலத்தில் நிற்கிறாள். மணமகன் கிளாடியோ அவள்மீது பொய்யான பழியை நம்பி, எல்லார் முன்னிலையிலும் அவளைத் தூற்றுகிறான். அவள் முகம் சிவக்கிறது. அது நாணச் சிவப்பன்று, குற்றச் சிவப்பே என்று அவன் அறுதியிட்டுக் கூறுகிறான். பெற்ற தந்தையே அதனை நம்பி, மகள் இறந்தொழிதல் நன்று என்கிறான். அவளுடைய அதே முகத்தை அமைதியாக உற்று நோக்கியிருந்த துறவி ஒருவரோ, இச்சிவப்பும் வெளிறலும் மாசற்றவளின் தவிப்பு என்று முடிவு செய்கிறார். முகம் ஒன்று, நிறமும் ஒன்று, தீர்ப்பு இரண்டு. நாடகத்தில் துறவியே சரியானவர் என்பது பின்னர்த் தெரியவருகிறது. வாழ்க்கையில் எல்லா மணப்பெண்களுக்கும் அத்தகைய துறவி வாய்ப்பதில்லை.

19ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கு மருத்துவரிடமும் அறிவியலாரிடமும் சென்றது. 1839இல் தாமஸ் பர்ஜஸ் என்னும் மருத்துவர் முகச் சிவப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். மனிதன் அறநெறி தவறும்போது அவன் ஆன்மா அதனைக் கன்னத்தில் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே படைத்தவன் இதனை அமைத்தான் என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு இனியதுதான். ஆனால் அக்கொள்கையின் மறுபக்கம் கொடியது. கன்னம் சிவப்பதே நாணத்தின் சான்று என்றால், கறுத்த மேனியரின் கதி என்ன? முகம் சிவக்கத் தெரியாதவர்களை எவ்வாறு நம்புவது என்று தென் அமெரிக்காவிலிருந்த ஸ்பானியர் ஏளனமாகக் கேட்டதை அறிஞர் ஹம்போல்ட் தம் நூலில் எடுத்தெழுதினார். அதனை அவர் மறுக்கவும் இல்லை. நாடுகளைக் கைப்பற்றியவரும் மனிதரை அடிமை கொண்டவரும் நாணத்திற்குத் தம் தோலின் நிறத்தையே அளவுகோலாக்கிக்கொண்டனர். அவ்வளவுகோலின்படி உலகத்து மக்களுள் பெரும்பாலோர் நாணமற்றவர்!

பர்ஜஸ் கண்ட ஒரு காட்சியே இதற்குத் தக்க விடையாயிற்று. கறுப்பினப் பெண் ஒருத்தியின் முகத்தில் ஒரு வடு இருந்தது. அவளிடம் எவரேனும் திடீரெனப் பேசினாலோ, ஏதேனும் ஓர் அற்பக் குற்றத்தை அவள்மேல் சாட்டினாலோ அவ்வடு மட்டும் தவறாமல் சிவந்தது. முகமெங்கும் குருதி பாய்ந்தது, தோலின் நிறம் அதனை மறைத்தது, வடு காட்டிக்கொடுத்தது. இக்குறிப்பினைப் பின்னர்த் தம் நூலில் எடுத்தாண்டவர் சார்லஸ் டார்வின்.

மனித இனம் முழுவதும் ஒரே வகையாகவே உணர்ச்சிகளை வெளிப்படுத்துகிறதா என்பதை அறிய விரும்பிய டார்வின், 1867இன் தொடக்கத்தில் 16 வினாக்களை அச்சிட்டுப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். மேனியின் நிறம் இடந்தருமாயின் நாணத்தால் முகம் சிவப்பது தெரிகிறதா, அச்சிவப்பு உடலில் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பது இரண்டாம் வினா. குற்றவுணர்வு, கள்ளத்தனம், பொறாமை ஆகியவற்றைக் காட்டும் முகங்களைக் கண்டறிய இயலுமா என்பது பதினைந்தாம் வினா. இவற்றை எவ்வாறு வரையறுப்பது என்று தமக்கே தெரியவில்லை என்று அவ்வினாவின் அடியிலேயே அவர் எழுதியிருந்தார். 'ஷீப்பிஷ்' முதல் 'ஹேங்டாக்' வரை இத்தனை சொற்களைக் கொண்ட மொழியின் சொந்தக்காரர், ஒரு குற்றமுகத்தை வரையறுக்கச் சொல்லின்றி நின்றார்.

அவருக்கு 36 பேரிடமிருந்து விடைகள் வந்தன. இலங்கையிலிருந்தும், கல்கத்தாத் தாவரவியல் பூங்காவிலிருந்தும், ஆஸ்திரேலியாவிலிருந்தும் செய்திகள் கிடைத்தன. அவற்றுள் நம் மண்ணிலிருந்து சென்ற விடை குறிப்பிடத்தக்கது. மலாக்காவின் உட்பகுதியில் சுரங்கப் பொறியாளராகப் பணிபுரிந்த எஃப். கீச் என்பவர், வெள்ளையரோடு பழகியறியாத மலாய் மக்கள் பலரைக் கூர்ந்து நோக்கி, இரண்டு நீண்ட மடல்களை டார்வினுக்கு எழுதினார். அங்குக் குடியேறியிருந்த சீனரையும் அவர் கவனித்தார். மலாய்க்காரர், சீனர் ஆகிய இருவகையினருக்கும் நாணத்தால் மேனி சிவப்பதை அவர் உறுதி செய்தார். இருபத்து நான்கு வயதுச் சீனர் ஒருவருக்கு முகமும் கைகளும் மார்பும் சிவந்தன. வேலையை ஏன் செவ்வனே செய்யவில்லை என்று கேட்கப்பட்ட மற்றொரு சீனருக்கு உடல் முழுவதுமே சிவந்தது. பூகிஸ் இனத்தவர் ஒருவருக்கு அச்சிவப்பு இடுப்புவரை இறங்கியது. அவர்கள் தம் பெயர்களைக் கீச் குறிக்கவில்லை. மேலாளரின் முன் நின்று கூசிய அக்கணம் மட்டும் 1872இல் வெளிவந்த டார்வினின் நூலில் நிலைத்துவிட்டது. தொட்டாற் சுருங்கும் செடிக்கு 'செமாலு' என்று நாணத்தின் பெயரையே சூட்டிய மக்களிடம் நாணம் உண்டா என்று ஆராயவேண்டி வந்தது அக்காலத்தின் போக்கு.

இவ்வாராய்ச்சியால் டார்வின் கண்ட முடிவு அழுத்தமானது. முகம் சிவக்கச் செய்வது குற்றவுணர்வு அன்று. பிறர் நம்மைக் குற்றவாளி என எண்ணுகின்றனர் என்னும் எண்ணமே என்றார். சிறு பொய் சொன்னவன் உள்ளுக்குள் வெட்கினாலும் முகம் சிவக்காமல் இருக்கக்கூடும். தன் பொய் வெளிப்பட்டுவிட்டதோ என்று ஐயுற்ற அளவிலேயே, அதிலும் தான் மதிப்பவர் ஒருவர் அறிந்துவிட்டார் என்றால், முகம் சிவந்துவிடும். குற்றமே செய்யாதவர்களும் குற்றஞ்சாட்டப்பட்டவுடன் மிகுதியாகச் சிவந்ததுண்டு என்பதையும் அவர் எழுதினார். பதினைந்தாம் வினாவைப் பொறுத்தவரை, குற்றவாளியின் கண் குற்றஞ்சாட்டுவோரின் கண்ணைச் சந்திக்க மறுத்து அலைகிறது என்று பல நாட்டாரும் தெரிவித்தனர். எனினும் இத்தகைய கலவை உணர்ச்சிகளுக்கு விவரித்துக் காட்டத்தக்க தனி முகக்குறி உண்டா என்பதை டார்வின் ஐயுற்றார். ஆளையும் சூழலையும் பற்றி முன்னரே அறிந்திருப்பதால்தான், நாம் நினைப்பதைவிட மிகுதியாக, அம்முகத்தைப் படித்துவிட்டதாகக் கருதுகிறோம் என்பது அவர் துணிபு.

தம் வீட்டிலேயே அவர் ஒரு குற்றமுகத்தைக் கண்டதுண்டு. மூத்த மகன் வில்லியத்திற்கு அப்பொழுது இரண்டு வயதும் ஏழு மாதமும். உணவறையிலிருந்து வெளியே வந்த குழந்தையின் கண்களில் இயல்புக்கு மீறிய ஒளி. நடையிலும் பாவனையிலும் ஏதோ ஒரு விந்தை. உள்ளே சென்று பார்த்த தந்தைக்கு, எடுக்கலாகாது என்று சொல்லியிருந்த சர்க்கரையைக் குழந்தை எடுத்துத் தின்றது தெரிந்தது. அக்குழந்தை ஒருநாளும் தண்டிக்கப்பட்டதில்லை. ஆதலின் அம்முகத்தில் அச்சத்தின் சாயல் இல்லை. மகிழ்ச்சி மனச்சான்றோடு போராடியதே அத்தோற்றம் என்று டார்வின் 1877இல் எழுதினார். அம்முகம் எவ்வாறு இருந்தது என்று சொல்ல முனைந்தபோதோ, விவரிக்க இயலாதது என்று எழுதி நிறுத்திக்கொண்டார். நல்லுணர்வுகளை மட்டுமே துணையாகக் கொண்டு வளர்க்கப்பட்ட அப்பிள்ளை விரைவிலேயே எவரும் விரும்பத்தக்க வாய்மையும் கனிவும் உடையவனானான் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை.

'ஹேங்டாக்' என்னும் சொல்லுக்கு அடிப்படையான நாயின் முகத்தையும் அறிவியல் பின்னர்ச் சோதித்தது. நாய் வளர்ப்போர் பலரும் தம் நாய் தவறு செய்துவிட்டால் அதன் முகமே சொல்லிவிடும் என்பர். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அறிஞர் 14 நாய்களையும் அவற்றை வளர்த்தவர்களையும் கொண்டு நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. தின்னலாகாது என்று நாய்க்குக் கட்டளையிட்டு, ஒரு தின்பண்டத்தை அதன்முன் வைத்துவிட்டு, வளர்ப்பவர் அறையை விட்டு வெளியேறுவார். திரும்பி வரும்போது நாய் தின்றது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் கூறப்படும். அவ்வாறு கூறியது சிலபோது மெய், சிலபோது பொய். தின்றதாகக் கேள்விப்பட்டவர் நாயைக் கடிந்துகொள்வார். தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் முகத்தில் வேறுபாடு ஒன்றும் காணப்படவில்லை. கடியப்பட்ட நாய்களே கண்ணைத் திருப்பின, வாலைத் தாழ்த்தின, உடலைக் குறுக்கின. அவற்றுள்ளும் கட்டளைக்குப் பணிந்து பண்டத்தைத் தொடாமலே இருந்து, பொய்ச்செய்தியால் வசை கேட்ட நாய்களிடம்தான் அக்குற்றமுகம் மிகத் தெளிவாகத் தோன்றியது.